புட்டிங் காத்திருக்காது: லீட்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயது. வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் வட்டாரத்தில் உள்ள லீட்ஸ் நகரில் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்றில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி இன்னொன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் இறந்த பிறகு ஞாயிறு மதியம் ரோஸ்ட், அதாவது ஓவனில் வாட்டிய இறைச்சி விருந்து, சமைப்பதை விட்டுவிட்டார். "ஒருத்திக்காக ஓவனைச் சூடாக்குவார்களா, லவ்?" என்று ஒருநாள் பின்கட்டுச் சுவரோரம் நின்று கேட்டார். யார்க்ஷயரில் கடைக்காரர் முதல் பஸ் ஓட்டுநர் வரை யாரும் யாரையும் 'லவ்' என்று அழைப்பார்கள். நம் பக்கத்தில் 'கண்ணு' என்பதைப் போல. ஒவ்வொரு பொங்கலுக்கும் நாங்கள் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தராதவர் அவர். அவருடைய விருந்தையே எங்கள் வீட்டில் சமைத்து, அவரையும் அவர் மகன் குடும்பத்தையும் உட்காரவைத்துப் பரிமாற வேண்டும் என்று தோன்றியது.

இந்த ஆய்வு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியது. முதலாவது, வீட்டார் மூவருக்கு மட்டுமான ஒத்திகை. அது முழுத் தோல்வி. இரண்டாவது, எட்டுப் பேருக்கான விருந்து. இடைப்பட்ட பதினான்கு நாட்களில் என் கைப்பக்குவம் ஒன்றும் கூடிவிடவில்லை. உணவைப் பரிமாறும் வரிசையை மாற்றினேன், அவ்வளவுதான். அந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும் எப்படிச் சரிசெய்தது என்பதைத்தான் எழுத வந்தேன்.

அழைக்கும்போதே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 'டின்னர்' என்றால் இரவு உணவு என்றுதான் என் கணவர் கோயம்புத்தூரில் படித்தார். இங்கிலாந்தின் வடபகுதியில் உழைக்கும் குடும்பங்களுக்கு டின்னர் என்பது மதிய உணவு. மாலையில் சாப்பிடுவது 'டீ'. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு பரிமாறும் பெண்களுக்கு 'டின்னர் லேடி' என்ற பெயர் இன்றும் நாடு முழுவதும் இருக்கிறது. ஆகவே பாட்டியிடம் "ஞாயிறு டின்னர், ஒன்றரை மணிக்கு" என்று நேரத்தையும் சேர்த்தே சொன்னோம். நாளையும் பார்த்துத்தான் குறித்தோம். மார்ச் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். நிமிடக் கணக்கில் நடக்க வேண்டிய சமையலுக்கு அந்த நாள் ஆகாது என்று அதற்கு முந்தைய ஞாயிறைத் தேர்ந்தெடுத்தோம்.

ஒத்திகையில் என்ன நடந்தது

ஞாயிறு ரோஸ்ட் என்பது கேட்பதற்கு எளிய உணவு. ஒரு பெரிய இறைச்சித் துண்டு, பொரிபோல மொறுமொறுத்த உருளைக்கிழங்கு, வேகவைத்த இரண்டு மூன்று காய்கள், மேலே ஊற்ற இறைச்சிச் சாற்றில் காய்ச்சிய கிரேவி. மாட்டிறைச்சி என்றால் உடன், மாவுக் கரைசலை ஓவனில் பொங்கவைத்துச் செய்யும் இனிப்பில்லாத யார்க்ஷயர் புட்டிங்கும், ஹார்ஸ்ராடிஷ் என்னும் காரமான வேரை அரைத்த சாஸும். ஆட்டிறைச்சி என்றால் புதினா சாஸ். பன்றியிறைச்சி என்றால் ஆப்பிள் சாஸ். மசாலா கிடையாது, தாளிப்பு கிடையாது. உப்பும் மிளகும் கடுகு விழுதும் போதும். இதில் என்ன கடினம் என்றுதான் நானும் நினைத்தேன்.

எங்கள் சமையலறையில் ஓவன் ஒன்றுதான். இரண்டு தட்டுகள் கொண்டது. ஒத்திகையன்று ஒன்றரை கிலோ மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, காலிஃபிளவர் சீஸ் (சீஸ் சாஸ் ஊற்றிய காலிஃபிளவர்), புட்டிங் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஓவனுக்குள் இடம் கேட்டன. ஒன்றரை மணிக்குச் சாப்பிட எண்ணியிருந்தோம். உட்கார்ந்தபோது மணி மூன்று பத்து. இறைச்சி ஓரத்தில் உலர்ந்தும் நடுவில் வேகாமலும் இருந்தது. உருளைக்கிழங்கு பொன்னிறம் காணாமல் எண்ணெயில் ஊறியிருந்தது. புட்டிங் பத்தாவது நிமிடத்தில் அழகாக எழும்பி வந்தது. கிழங்கைத் திருப்பிவிட நான் ஓவன் கதவைத் திறந்தேன். மூடியபோது பன்னிரண்டும் தோசைக்கல்லில் ஊற்றிய மாவுபோலப் படிந்துவிட்டன. என் மகள் அருகில் நின்று, "அம்மா, திறக்காதே என்று சொன்னேனே" என்றாள். சொல்லத்தான் செய்தாள்.

அன்று இரவே காரணங்களை எழுதிவைத்தேன். இறைச்சியைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஓவனில் வைத்தது பிழை. அதைக் கடிகாரத்தை நம்பி வேகவைத்தது இன்னொரு பிழை. புட்டிங் விஷயம் இன்னும் தெளிவானது. மாவும் முட்டையும் பாலும் கலந்த அந்தக் கரைசலில் சோடாவோ ஈஸ்ட்டோ எதுவும் இல்லை. நீர் ஆவியாகி உள்ளிருந்து தள்ளுவதால்தான் அது எழும்புகிறது. முட்டையும் மாவும் இறுகிச் சுவர்போல நிற்க இருபது நிமிடம் ஆகும். அதற்கு முன் குளிர்காற்று பட்டால் ஆவி அடங்கிவிடும், சுவர் சரிந்துவிடும். எழும்பியதற்கும் அளவு உண்டு: நான்கு அங்குலத்துக்குக் குறைந்தால் அதை யார்க்ஷயர் புட்டிங் என்றே சொல்லக்கூடாது என்று 2008ஆம் ஆண்டு பிரிட்டனின் வேதியியல் சங்கமான ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி அறிவித்தது. எங்களுடையது ஓர் அங்குலம்கூட இல்லை.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த பிழை வேறு. எல்லாம் ஒரே நொடியில் தட்டுக்கு வர வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன். மதுக்கூட உணவகங்களில் அப்படித்தான் தருகிறார்கள். இறைச்சியின் மேல் புட்டிங், பக்கத்தில் கிழங்கு, மேலே கிரேவி. அங்கே சமையலறையில் ஆறு ஓவன்கள் இருக்கலாம். வீட்டில் இல்லை.

சுவருக்கு அப்பாலிருந்து வந்த பதில்

மறுநாள் பாட்டியிடம் ஒத்திகையைப் பற்றி மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "புட்டிங்கை எப்போது கொடுத்தாய்?"

"இறைச்சியோடுதான்."

"எங்கள் வீட்டில் அது முதலில் வரும், லவ். தனியாக. வெங்காய கிரேவி ஊற்றி. நிறைய புட்டிங் சாப்பிடுகிறவர்களுக்கு நிறைய இறைச்சி என்று அப்பா சொல்லுவார். புட்டிங் சாப்பிட்டு வயிறு நிறைந்த பிறகு இறைச்சி யாருக்கு வேண்டும்?"

அந்தச் சொலவடை யார்க்ஷயரில் பல குடும்பங்களில் வழங்கியது. வறுமை கற்றுக்கொடுத்த சிக்கனம் அது. மலிவான மாவையும் முட்டையையும் முதலில் கொடுத்து, விலையுயர்ந்த இறைச்சியைக் கொஞ்சத்தில் முடித்துக்கொள்வது. பாட்டிக்கு அது வெறும் பழங்கதையும் அல்ல. போர்க்காலத்தில் 1940இல் தொடங்கிய இறைச்சிப் பங்கீடு பிரிட்டனில் 1954 ஜூலை 4 அன்றுதான் நீங்கியது. அப்போது அவருக்குப் பத்து வயது. அதுவரை அவர் வீட்டு ஞாயிறுகளில் இறைச்சி மெல்லியதாகவும் புட்டிங் பெரியதாகவுமே இருந்திருக்கிறது.

சிக்கனம் என்பதோடு இந்த வழக்கத்தைப் பலரும் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிந்தது. புட்டிங்கின் பிறப்பைப் பார்த்தால் அது புரியும். ஓவன் பரவலாவதற்கு முன் இங்கிலாந்தில் ரோஸ்ட் என்றால், எரியும் நெருப்பின் முன்னால் இரும்புக் கம்பியில் இறைச்சியைக் கோத்துச் சுழற்றுவது. சுழற்றுவதற்கென்றே சக்கரத்துக்குள் ஓடும் குட்டைக்கால் நாய்களை வளர்த்தார்கள். அந்த இனம் அழிந்துவிட்டது. பாடம்செய்யப்பட்ட ஒன்று வேல்ஸில் உள்ள ஆபர்கெவனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பை வீணாக்காமல் கீழே ஒரு தட்டில் மாவுக் கரைசலை ஊற்றி வைத்தார்கள். 1737இல் வெளிவந்த ஒரு சமையல் நூலில் இது 'டிரிப்பிங் புட்டிங்', அதாவது சொட்டுக்கொழுப்புப் புட்டிங். 1747இல் ஹன்னா கிளாஸ் வெளியிட்ட நூலில் 'யார்க்ஷயர் புட்டிங்' என்ற பெயரே வந்துவிட்டது.

ஒரே நெருப்பு, இரண்டு உணவு. அதில் ஒன்று காத்திருக்கும், மற்றொன்று காத்திருக்காது. நெருப்பைவிட்டு எடுத்த பெரிய இறைச்சித் துண்டை அரைமணி நேரமாவது அப்படியே விட வேண்டும். அப்போதுதான் உள்ளே உள்ள சாறு அடங்கும், வெட்டும்போது வழிந்தோடாது. புட்டிங்கோ ஐந்து நிமிடத்தில் துவண்டுவிடும். காத்திருக்காததை முதலில் தின்றுவிட்டு, காத்திருக்கக்கூடியதைக் காக்கவைப்பது: அந்தப் பழைய வரிசை வயிற்றுக் கணக்கோடு நெருப்புக் கணக்கும் பார்த்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

முதல் உணவாக முல்லிகாட்டானி சூப் வைக்கலாமே என்று என் கணவர் விரும்பினார். நம் மிளகுத்தண்ணீர்தான் ஆங்கிலேயர் வாயில் முல்லிகாட்டானி ஆனது. மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கிலேயர்களுக்கு அந்தச் சூப்பை வைத்தே 'மல்' என்று பட்டப்பெயர் இருந்தது. ஆசை நியாயமானதுதான். ஆனால் பாட்டியின் ஞாயிறு மேசையில் சூப் என்றைக்கும் இருந்ததில்லை. அவருடைய விருந்தைச் செய்யப்போகிறோம் என்றால் அவருடையதையே செய்ய வேண்டும் என்று மறுத்துவிட்டேன்.

இரண்டு மணியிலிருந்து பின்னோக்கி

எட்டுப் பேர்: நாங்கள் மூவர், பாட்டி, அவர் மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேரன், எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். என் மகளும் பாட்டியின் மருமகளும் முட்டை உண்பார்கள், இறைச்சி உண்ணமாட்டார்கள். இது கணக்கைக் கொஞ்சம் மாற்றியது. புட்டிங்குக்கும் உருளைக்கிழங்குக்கும் மாட்டுக்கொழுப்பு ஊற்றினால்தான் அசல் சுவை. அதை விட்டுக்கொடுத்து இரண்டையும் சூரியகாந்தி எண்ணெயில் செய்தேன். வெங்காய கிரேவியும் காய்கறிச் சாறில்தான். முதல் உணவை எட்டுப் பேரும் ஒன்றாக உண்ண வேண்டும், இருவர் மட்டும் வேறு தட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். அந்த இருவருக்கும் பிறகு நட் ரோஸ்ட்: செஸ்ட்நட், வால்நட், காளான், வெங்காயம், ரொட்டித் தூள், முட்டை, தைம் இலை. குறிப்பில் இருந்த வூஸ்டர் சாஸை மகள் நீக்கச் சொன்னாள்; அதில் நெத்திலி வகை மீன் சேர்கிறது. சைவ விருந்தினருக்குச் சமைப்பவர்கள் தவறவிடும் இடம் இது.

சனிக்கிழமை கிர்க்கேட் சந்தையின் இறைச்சிக் கடை வரிசையில் மூன்று கிலோ எடையுள்ள விலாத்துண்டு வாங்கினோம், எலும்போடு. அன்று இரவே உப்புத் தடவி, மூடாமல் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். இரண்டு கிலோ மாரிஸ் பைப்பர் உருளைக்கிழங்கு. மாவுத்தன்மை உள்ள வகைதான் வேண்டும்; மற்றவை மொறுமொறுக்காது.

பிறகு நேரக் கணக்கு. புட்டிங் இரண்டு மணிக்கு மேசைக்கு வர வேண்டும், இறைச்சி இரண்டு இருபத்தைந்துக்கு. புட்டிங்குக்கு 220 டிகிரி செல்சியஸில் இருபத்திரண்டு நிமிடம் என்றால், கரைசலை ஊற்றுவது 1.38க்கு. அப்போது அச்சில் உள்ள எண்ணெய் புகைய வேண்டும்; ஆகவே வெறும் எண்ணெயோடு அச்சு 1.25க்கே உள்ளே போக வேண்டும். அதற்கு முன் இறைச்சி வெளியே வந்தாக வேண்டும், 1.20க்கு. 230 டிகிரியில் இருபது நிமிடமும் பிறகு 160 டிகிரியில் ஒன்றேமுக்கால் மணி நேரமும் என்று வைத்து, அது உள்ளே போகும் நேரம் 11.15. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுப்பது 9.15. நட் ரோஸ்ட் 12.30க்கு மேல்தட்டில், கீழ்த்தட்டில் வைத்தால் இறைச்சிச் சாறு தெறித்து அதன் நோக்கமே கெட்டுவிடும்.

உருளைக்கிழங்குதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உப்புநீரில் பத்து நிமிடம் வேகவைத்து, வடித்து, பாத்திரத்தை மூடி நன்றாகக் குலுக்க வேண்டும். ஓரங்கள் உதிர்ந்து மேலே மாவு பூசியதுபோல ஆகும். அந்தச் சொரசொரப்புதான் பிறகு மொறுமொறுப்பாகிறது. ஆவி போக ஆறவிட்டு, காய்ந்த எண்ணெயில் இட்டு 1.22க்குக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். 1.38க்குப் புட்டிங் கரைசல் ஊற்றத் திறக்கும்போது ஒருமுறை திருப்பிவிடலாம். அதன்பின் இரண்டு மணி வரை ஓவன் கதவை யாரும் தொடக் கூடாது. புட்டிங் வெளியே வந்ததும் இன்னொருமுறை திருப்பி, எல்லாரும் முதல் உணவைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கடைசி இருபது நிமிடத்தில் கிழங்கு சிவக்கும்.

தாளில் இதை எழுதி முடித்தபோதுதான் பழைய வரிசையின் அருமை முழுதாக விளங்கியது. ஒத்திகையில் ஒன்றையொன்று நெருக்கிய நான்கு உணவுகளும் இப்போது வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக ஓவனுக்குள் போய் வந்தன. கூடுதல் ஓவனோ, கூடுதல் கையோ தேவைப்படவில்லை. காலிஃபிளவர் சீஸை மட்டும் கைவிட்டேன். அதற்கு இடமே இல்லை.

அந்த ஞாயிறு

ஒன்றரைக்கு அழைத்தவர்கள் ஒன்று நாற்பதுக்கு வந்தார்கள். வீட்டு விருந்துக்குப் பத்து நிமிடம் தாமதமாக வருவதுதான் இங்கே மரியாதை. முன்னதாக வந்தால் சமைப்பவர் திணறுவார். மகன் ஒரு புட்டி ஒயினும், பாட்டி தம் தோட்டத்து டாஃபடில் பூக்களும் கொண்டுவந்தார்கள்.

இறைச்சியைக் கடிகாரம் பார்த்து எடுக்கவில்லை. வெப்பமானியின் ஊசி நடுப்பகுதியில் 54 டிகிரி காட்டியபோது எடுத்தேன். கணக்கிட்டதைவிட நான்கு நிமிடம் முன்னதாக. வெளியே எடுத்த பிறகும் உள்வெப்பம் சில டிகிரி ஏறும் என்பதால் அதுவே போதும். அலுமினியத் தாளும் இரண்டு துவாலைகளும் சுற்றி ஓரமாக வைத்துவிட்டேன்.

புட்டிங் கரைசலுக்கு நான்கு முட்டை. முட்டையின் அளவுக்கே மாவு, அதே அளவுக்குப் பால். எடையைப் பார்க்க வேண்டாம், ஒரே கோப்பையால் மூன்றையும் அளந்தால் போதும். காலையிலேயே கலந்து வைத்தது. புகையும் எண்ணெயில் ஊற்றியபோது சுர்ரென்று ஓசை எழுந்தது. அந்த ஓசை வரவில்லை என்றால் புட்டிங்கும் வராது. பேரன் ஓவன் கண்ணாடி முன் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டான். என் மகள் அவனுக்குக் காவல். இரண்டு மணி அடிக்கும்போது பன்னிரண்டும் அச்சைவிட்டு எழும்பி, நடுவில் குழிந்து, பழுப்பாக நின்றன. அளவுகோல் வைத்தே பார்த்தான் பையன்: நான்கேகால் அங்குலம்.

முதல் உணவின்போது நான் ஒரு தவறு செய்தேன். நம் வீட்டுப் பழக்கத்தில் கிரேவிச் சாடியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் அருகிலும் நின்று ஊற்றிக்கொண்டிருந்தேன். ஏழு பேரும் முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தார்கள். ஏன் சாப்பிடவில்லை என்று எனக்குப் புரியவில்லை. பாட்டிதான் நாற்காலியைத் தட்டிக் காட்டினார்: "நீ உட்கார்ந்தால்தான் நாங்கள் தொடங்குவோம், லவ்." நம்மிடம் விருந்தளிப்பவர் நிற்பது மரியாதை, விருந்தினர் உண்டு முடிக்கும்வரை அவர் உட்காரமாட்டார். இங்கே அவர் உட்காராதவரை விருந்தே தொடங்காது. இரண்டும் விருந்தினரை மதிப்பதுதான். ஆனால் சமையல் திட்டத்துக்கு இது பெரிய செய்தி. மேசைக்கு வந்த பிறகு விருந்தளிப்பவர் எழ வேண்டிய வேலை எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. முக்கிய உணவுக்கு இறைச்சியை மட்டும் தட்டில் வைத்துக் கொடுத்து, கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் கிண்ணங்களில் மேசை நடுவே வைத்துவிட்டேன். ஒருவர் எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் நகர்த்தினார்கள். பேச்சும் கிண்ணங்களோடு சேர்ந்து நகர்ந்தது.

இறைச்சியை வெட்டும் கத்தியைப் பாட்டியின் மகனிடம் கொடுத்தோம். எலும்பை ஒட்டிக் கத்தியை ஓட்டிப் பிரித்து, தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லிய துண்டுகளாக வெட்டினார். வெளி ஓரத்துத் துண்டு நன்றாக வெந்து பழுப்பாக இருக்கும், அது பாட்டிக்கு. அவர் தலைமுறையினர் பலருக்குச் சிவந்த இறைச்சி பிடிப்பதில்லை. நடுத்துண்டுகள் இளஞ்சிவப்பு. ஒரே வெப்பத்தில் வெந்த ஒரே துண்டு இரண்டு விருப்பத்துக்கும் இடம் கொடுத்தது.

இறைச்சி மேசைக்குப் போகும் நேரத்தில் ஆப்பிள் கிரம்பிளை ஓவனில் வைத்திருந்தேன். புளிப்பான பிராம்லி ஆப்பிளின் மேல் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் உதிர்த்துத் தூவியது. நாற்பது நிமிடம் யாரும் கவனிக்க வேண்டியதில்லை. அதன்மேல் ஊற்ற, பொடியில் காய்ச்சிய மஞ்சள் கஸ்டர்ட். அந்தப் பொடி பர்மிங்ஹாமில் 1837இல் ஆல்ஃபிரட் பேர்ட் கண்டுபிடித்தது. முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காக முட்டை இல்லாமல் செய்தார். புதிதாகக் காய்ச்சிய முட்டை கஸ்டர்டைவிட இந்தப் பொடிதான் வேண்டும் என்று பாட்டி முன்பே சொல்லியிருந்தார்.

சரியாகாதவை

இரண்டு கிலோ கிழங்கை ஒரே தட்டில் நெருக்கி வைத்தது பிழை. ஓரத்துக் கிழங்குகள் கண்ணாடிபோல நொறுங்கின; நடுவில் இருந்தவை ஒன்றின் ஆவியில் ஒன்று வெந்து மென்மையாகவே இருந்துவிட்டன. அடுத்த முறை ஒன்றரை கிலோ போதும்.

முக்கிய உணவுத் தட்டுகளைச் சூடாக வைக்க ஓவனில் இடமில்லாததால் வெந்நீரில் முக்கித் துடைத்துக் கொடுத்தேன். இது பலித்தது. ஆனால் துடைக்க ஒருவர் தனியாக வேண்டும். என் கணவருக்கு அதனால் மூன்று நிமிடம் விருந்து தவறியது.

மறுநாள் திங்கள். மிஞ்சிய முட்டைக்கோஸையும் கிழங்கையும் மசித்து வாணலியில் வறுத்து, குளிர்ந்த இறைச்சித் துண்டுகளோடு சாப்பிட்டோம். அந்த வறுவலுக்கு 'பபிள் அண்ட் ஸ்க்வீக்' என்று பெயர். முன்பெல்லாம் திங்கள்கிழமை துணி துவைக்கும் நாள். அன்று புதிதாகச் சமைக்க நேரமிருக்காது என்பதால் ஞாயிற்றின் மிச்சம்தான் திங்களின் உணவு. தட்டில் உறைந்திருந்த மாட்டுக்கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வழித்துப் பாட்டியிடம் கொடுத்தேன். அடியில் பழுப்பு நிறத்தில் உறைந்திருந்த சாற்றோடு ரொட்டியில் தடவி, உப்புத் தூவி, சுவரோரம் நின்றே சாப்பிட்டார்.

பெரிய குறை கிரேவிதான். இறைச்சி வெந்த தட்டை இரண்டு அடுப்புகளின் மேல் வைத்து, கொழுப்பை வடித்து, மாவு தூவி, ஒட்டியிருந்ததைச் சுரண்டி, கேரட் வெந்த நீரை ஊற்றிக் காய்ச்சினேன். சுவை நன்றாகவே வந்தது. ஆனால் கிடைத்தது நானூறு மில்லி. இறைச்சி உண்டவர்கள் ஆறு பேர். சாடி இரண்டாவது சுற்றில் தீர்ந்துவிட்டது. பஸ் ஓட்டுநர் வெறும் கிழங்கைப் பேசாமல் சாப்பிட்டதை நான் பார்த்தேன், மனம் சங்கடப்பட்டது. அடுத்தது ஆட்டுத் தொடையும் புதினா சாஸும். அதற்கு முந்தைய நாளே கோழி இறக்கைகளையும் வெங்காயத்தையும் கேரட்டையும் வறுத்து ஒரு லிட்டர் சாறு காய்ச்சி வைத்துவிடப் போகிறேன். பாட்டி தம் கிரேவிச் சாடியைத் தாமே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அது எங்களுடையதைப் போல இரண்டு மடங்கு பெரியது.